கொரோனா தீவிர சிகிச்சைப் பிரிவில் டிரக்கியாஸ்டமி: முதன்முறை செய்யப்போகும் மருத்துவருக்கு

காது மூக்கு தொண்டைத் துறையில் முதுநிலைப் படிப்புக்குச் சேரும் எவரும் முதல் ஆண்டிலேயே டிரக்கியாஸ்டமி செய்யக் கற்றுக்கொண்டுவிடுவார்கள். கழுத்தின் முன்புறம் தோலைக் கீறி, தசைகளை நடுக்கோட்டில் விலக்கி, மூச்சுக்குழாயைத் திறந்து, அதற்குள் ஒரு குழாயைச் செலுத்தும் இந்தச் சிகிச்சையைச் செவாலியே ஜாக்சன் 1909ஆம் ஆண்டில் ஒழுங்குபடுத்தினார். அவர் வகுத்த அடிப்படை இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. ஆனால் 2020ஆம் ஆண்டில் கோவிட்-19 நோயாளிகளுக்கு இதைச் செய்ய நேர்ந்தபோது, கை பழகியிருந்த படிகளின் வரிசையையே நாங்கள் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. வென்டிலேட்டர் அழுத்தத்துடன் காற்றைச் செலுத்திக்கொண்டிருக்கும்போது மூச்சுக்குழாயைத் திறந்தால், கிருமி கலந்த நுண்துளிகள் அறுவை செய்பவரின் முகத்துக்கு மிக அருகில் பீறிட்டு வெளிவரும். அதைத் தவிர்க்க வென்டிலேட்டரை நிறுத்த வேண்டும். அந்த நோயாளியின் நுரையீரலோ, காற்று நின்றால் ஒரு நிமிடத்துக்குள் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு சரிந்துவிடும் நிலையில் இருக்கும்.

காற்று நின்றிருக்கும் அந்த ஓரிரு நிமிடத்தை எவ்வளவு குறுக்க முடியும் என்பதே இங்குள்ள முழுக் கேள்வி. நாளைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் சொற்கள் வரை, கீழே சொல்லப்படும் ஏற்பாடுகள் எல்லாம் அதற்காகவே. தமிழ்நாட்டின் ஓர் அரசு மருத்துவமனையில் இரண்டு அலைகளின்போதும் இதைச் செய்த குழுவில் இருந்தவன் என்ற முறையில், புதிதாக வருவோருக்கு முதல் நாளிலேயே யாரேனும் சொல்லியிருக்க வேண்டியவை என்று நான் கருதுபவற்றை இங்கே எழுதுகிறேன். முதல் சில முறை மூத்த மருத்துவர் ஒருவர் எதிரே நிற்காமல் இதில் இறங்க வேண்டாம்.

எந்த நாளில் செய்வது

அவசரப்பட வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, பெருந்தொற்றுக்கு முன்பே தெரிந்திருந்தது. பிரிட்டனில் 909 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த முதல் 4 நாட்களுக்குள் டிரக்கியாஸ்டமி செய்ய ஒதுக்கப்பட்டவர்களுக்கும், 10 நாட்கள் காத்திருந்தவர்களுக்கும் 30 நாள் இறப்பு விகிதத்தில் வேறுபாடு காணப்படவில்லை. காத்திருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கடைசிவரை டிரக்கியாஸ்டமி செய்யப்படவே இல்லை. இரண்டாவது காரணம் தொற்று. நோய் தொடங்கிய பின் நாட்கள் செல்லச் செல்ல, பிறருக்குப் பரவக்கூடிய உயிருள்ள வைரஸின் அளவு குறைகிறது. 2003இல் பரவிய சார்ஸ் நோய் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளிவந்த மதிப்பாய்வு, டிரக்கியாஸ்டமியில் ஈடுபட்ட மருத்துவப் பணியாளர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 4 மடங்கு கூடுதலாக இருந்ததாகக் கணக்கிட்டது. 2020இன் தொடக்கத்தில் எங்களை அச்சுறுத்தியது இந்த எண்தான்.

அந்த அச்சத்தினால் சில அமைப்புகள் 14 நாட்கள், 21 நாட்கள் என்றுகூடக் காத்திருக்கச் சொல்லின. பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து 2020இல் வெளியிட்ட பரிந்துரை, வென்டிலேட்டரில் வைத்துக் குறைந்தது 10 நாட்களாவது ஆகட்டும் என்றது. ஸ்பெயினில் 1890 நோயாளிகளைத் தொகுத்த ஆய்வில் சராசரியாக 12ஆம் நாளை ஒட்டி இது செய்யப்பட்டிருந்தது. முழுப் பாதுகாப்பு உடையுடன் முறையாகச் செய்த குழுக்களில், அஞ்சிய அளவுக்குத் தொற்று ஏற்படவில்லை என்பதும் அந்த ஆண்டின் பிற்பகுதியில் தெளிவாயிற்று. ஆகவே 10ஆம் நாளுக்கும் 14ஆம் நாளுக்கும் இடையில், நுரையீரல் தேறி வருகிறது என்று தெரிகிற நாளைத் தேர்ந்தெடுப்பதே சரி என்பது என் கருத்து. அதற்கும் மேல் தள்ளிப்போட்டால், வென்டிலேட்டருக்காக வாய் வழியே மூச்சுக்குழாய்க்குள் விடப்பட்டிருக்கும் வாய்வழிக் குழாய் குரல்வளையைப் புண்ணாக்குகிறது. மயக்க மருந்துகளை நாள்கணக்கில் தொடர வேண்டியிருப்பதால் தசைகளும் வலுவிழக்கின்றன.

ஆர்டி-பிசிஆர் சோதனையில் தொற்று இல்லை என்று வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உயிரற்ற வைரஸின் எச்சங்களாலும் வாரக்கணக்கில் அந்தச் சோதனை தொற்று இருப்பதாகவே காட்டக்கூடும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் அன்றாடப் புதிய தொற்று 36 ஆயிரத்தைக் கடந்த 2021 மே மாதத்தில், படுக்கையும் வென்டிலேட்டரும் விரைவில் காலியாக வேண்டும் என்பதற்காகவே டிரக்கியாஸ்டமி கேட்டு அழைப்புகள் வந்தன. அந்த நெருக்கடி உண்மையானது. வாசலில் ஆம்புலன்ஸ்கள் நிற்பதை நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஆயினும் உள்ளே படுத்திருக்கும் நோயாளியின் நுரையீரல் இதற்குத் தயாராக இல்லையென்றால், வெளியே காத்திருப்பவரைக் காரணம் காட்டி அவர் கழுத்தைத் திறக்கக் கூடாது.

நோயாளி தாங்குவாரா என்று பார்ப்பது

அறுவைக்கு முந்தைய நாள் மாலை நீங்களே படுக்கையருகே சென்று நான்கைந்து விஷயங்களைப் பார்க்க வேண்டும். வென்டிலேட்டர் தரும் ஆக்சிஜன் 50 சதவீதத்துக்கு மேற்படாமலும், மூச்சு வெளிவிடும் கடைசியில் நிற்கும் அழுத்தமான பீப் 10 சென்டிமீட்டர் நீரளவுக்கு மேற்படாமலும் இருந்தால் நல்லது. 40 சதவீதமும் 8 சென்டிமீட்டருமாக இருந்தால் இன்னும் நிம்மதி. குப்புறப் படுக்கவைத்தால்தான் ஆக்சிஜன் நிற்கிறது என்ற நிலையில் இருப்பவருக்கு இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

பிறகு, மயக்க மருத்துவரின் துணையோடு ஒரு சிறு ஒத்திகை பார்க்கலாம். சில நிமிடங்கள் 100 சதவீத ஆக்சிஜன் கொடுத்துவிட்டு, குழாயைக் கழற்றாமலே வென்டிலேட்டரை ஒரு நிமிடம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் அறுவையை ஓரிரு நாட்கள் தள்ளிவைக்க வேண்டும். நாளை நமக்கு எத்தனை நொடி கிடைக்கும் என்பதை இந்த ஒத்திகையைப் போல வேறெதுவும் காட்டுவதில்லை.

கோவிட் நோயாளிகள் ஏறத்தாழ எல்லோருக்கும் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் வகை மருந்து போய்க்கொண்டிருக்கும். அவ்வகை ஊசியான ஈனாக்ஸாபாரினைத் தடுப்பு அளவில் பெறுபவருக்குக் கடைசி ஊசிக்கும் அறுவைக்கும் நடுவே 12 மணி நேரமும், சிகிச்சை அளவில் பெறுபவருக்கு 24 மணி நேரமும் இடைவெளி வேண்டும். நரம்பில் தொடர்ந்து செலுத்தப்படும் ஹெப்பாரின் என்றால் 4 முதல் 6 மணி நேரத்துக்கு முன் நிறுத்தினால் போதும். ரத்தத் தட்டணுக்கள் 50 ஆயிரத்துக்குக் குறையாமலும், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் 1.5க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும்.

கழுத்தையும் தொட்டுப் பாருங்கள். குரல்வளையின் அடியிலுள்ள கிரிக்காய்டு குருத்தெலும்பு விரலுக்குத் தட்டுப்படுகிறதா, தைராய்டு வீங்கியிருக்கிறதா, கழுத்தைப் பின்னோக்கிச் சாய்க்க முடிகிறதா என்பதைப் பொறுத்தே குழாயின் அளவையும் நீளத்தையும் முடிவு செய்ய முடியும். பொதுவாக ஆண்களுக்கு 8, பெண்களுக்கு 7 அல்லது 7.5 அளவுள்ள, பக்கத்துளை இல்லாத, கஃப் (காற்றை ஊதி மூச்சுக்குழாயை அடைக்கும் சிறு பை) உள்ள குழாய் பொருந்தும். பருத்த கழுத்துக்குச் சாதாரணக் குழாயின் நீளம் போதாது. நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள குழாயை முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

குடும்பத்தாரிடம் பேசுவது

பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லாத அந்த நாட்களில் ஒப்புதலைத் தொலைபேசி வழியாகவே பெற வேண்டியிருந்தது. தொண்டையில் ஓட்டை போட்டால் கடைசிக் கட்டம் என்று பொருள், இனி வாழ்நாள் முழுவதும் பேச்சு வராது என்ற இரண்டு அச்சங்கள் ஏறத்தாழ எல்லா வீட்டிலும் இருந்தன. அவர்கள் கேட்கும் முன்பே இந்த இரண்டுக்கும் பதில் சொல்லிவிடுங்கள். குழாய் இருக்கும்வரை காற்று குரல்நாண்களைத் தொடாமல் வெளியேறுவதால்தான் குரல் வருவதில்லை. குழாயை எடுத்த பின் பெரும்பாலோருக்குக் குரல் திரும்பிவிடும். வாயிலிருந்து குழாய் போய்விட்டால் மயக்க மருந்தைக் குறைக்கலாம், அவர் கண் விழித்து உங்களை வீடியோ அழைப்பில் பார்க்க முடியும் என்று சொன்னபோது, அதுவரை மறுத்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, "அப்படியென்றால் செய்யுங்கள் ஐயா" என்றார். கிடைக்காத உறுதியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். இந்த அறுவை நுரையீரலைக் குணப்படுத்துவதில்லை என்பதையும் அதே அழைப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆட்களும் இடமும்

நோயாளியை அறுவை அரங்குக்குக் கொண்டுசெல்வதைவிட அவர் படுக்கையிலேயே செய்வது நல்லது. வழியில் குழாய் கழலும் வாய்ப்பும், நடைபாதையில் தொற்று பரவும் வாய்ப்பும் அதனால் இல்லாமற்போகின்றன. உள்காற்று வெளியே கசியாத எதிர்மறை அழுத்த அறை இருந்தால் அங்கேயே செய்யலாம். இல்லாத இடங்களில் கதவை மூடி, பொதுக் குளிர்சாதனக் காற்று சுழன்று வராதபடி அடைத்து, காற்றை வெளியே இழுக்கும் விசிறியை ஓடவிட்டுச் சமாளித்தோம்.

உள்ளே அறுவை செய்பவர் ஒருவர், உதவியாளர் ஒருவர், மயக்க மருத்துவர் ஒருவர், செவிலியர் ஒருவர் என நால்வர் போதும். கற்பதற்காக ஐந்தாவதாக ஒருவர் நிற்கலாமா என்று கேட்பார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கட்டும். கதவருகே பாதுகாப்பு உடையோடு இன்னொரு செவிலியர், கூடுதல் கருவிகளுடனும் அடுத்த சிறிய அளவுக் குழாயுடனும் காத்திருக்க வேண்டும். நால்வரில் மிகுந்த அனுபவமுடையவரே கத்தியைப் பிடிப்பது முறை. கற்பிக்க வேறு நாட்கள் வரும்.

பொருத்திச் சரிபார்த்த என்95 முகக்கவசம், கண்ணாடி, முகத்திரை, நீர் ஊடுருவாத முழு உடை, இரட்டைக் கையுறை ஆகியவை எல்லோருக்கும் கட்டாயம். தலைவிளக்கை முகக்கவசத்துக்குப் பிறகு மாட்டி, முகத்திரை அதன்மேல் சரியாக இறங்குகிறதா என்று வெளியிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊர் வெயிலில், குளிர்சாதனமும் நிறுத்தப்பட்ட அறையில், பத்து நிமிடத்துக்குள் கண்ணாடி பனித்துவிடும். அதனால் உடை அணிந்த பிறகு கருவிகளைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. தட்டில் எல்லாம் பயன்படும் வரிசையில் அடுக்கப்பட்டு, குழாயின் கஃப் ஊதிச் சோதிக்கப்பட்டு, வடிகட்டியும், வென்டிலேட்டர் இணைப்பைக் கழற்றாமலே சளியை உறிஞ்சும் மூடிய சக்‌ஷனும் பொருத்தப்பட்ட பிறகே உள்ளே நுழைய வேண்டும்.

சொற்களை முன்கூட்டியே முடிவு செய்வது

இந்தப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முகக்கவசம், திரை, விசிறியின் இரைச்சல் ஆகியவற்றைத் தாண்டி வரும் தமிழில் சொல்லின் கடைசி அசை தெளிவாகக் கேட்பதில்லை. நம் மொழியிலோ ஏவலையும் மறுப்பையும் பிரித்துக் காட்டுவது சொல்லின் இறுதிப் பகுதிதான். நிறுத்துங்கள் என்பதும் நிறுத்தாதீர்கள் என்பதும் அந்த அறையில் ஒன்றுபோலவே ஒலிக்கும். தொடக்க நாட்களில் ஒருமுறை, "இன்னும் நிறுத்தாதீர்கள்" என்று நான் சொன்னதைக் கேட்டு வென்டிலேட்டர் நிறுத்தப்பட்டுவிட்டது; தைராய்டின் நடுப்பகுதிக்கு நாங்கள் இன்னும் வந்து சேர்ந்திருக்கவில்லை. நல்லவேளையாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த செவிலியர் உடனே கவனித்துச் சொன்னார். அன்றிலிருந்து வென்டிலேட்டருக்கு "ஸ்டாப்", "ஆன்" என்ற இரண்டு சொற்களை மட்டும் பயன்படுத்தினோம். சொல்லைக் கேட்ட மயக்க மருத்துவர் அதைச் செய்து முடித்துவிட்டுத் தாமும் அதே சொல்லை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும்; அவர் திருப்பிச் சொல்லும்வரை கத்தி அசையக் கூடாது. காற்று நின்ற நொடியிலிருந்து ஒருவர் 15 நொடிக்கு ஒருமுறை நேரத்தையும் ஆக்சிஜன் அளவையும் எண்களாக மட்டும் சொல்லிவர வேண்டும்.

அறுவை

நோயாளியை முழு மயக்கத்தில் ஆழ்த்தி, தசைத் தளர்வு மருந்தை முழு அளவில் கொடுக்க வேண்டும். ஓர் இருமல் போதும், எல்லா முன்னேற்பாடும் வீணாகிவிடும். தோள்களுக்கு அடியில் துணிச்சுருள் வைத்துக் கழுத்தைப் பின்னோக்கி நீட்டி, தைராய்டு குருத்தெலும்பு, கிரிக்காய்டு, மார்பெலும்பின் மேற்குழி ஆகியவற்றைப் பேனாவால் குறித்துக்கொண்டு, அட்ரினலின் கலந்த லிக்னோகெய்னைத் தோலடியில் செலுத்துங்கள்.

கீறலைத் தொடங்கும் முன் மயக்க மருத்துவர், வாய்வழிக் குழாயை மேலும் சில சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, அதன் கஃப் நாம் திறக்கப்போகும் இடத்துக்குக் கீழே சென்று அமரும்படி செய்ய வேண்டும். மிகவும் உள்ளே போனால் குழாய் வலது கிளைக்குள் நுழைந்துவிடும். பாதுகாப்பு உடைக்குள் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்க இயலாது. ஆகவே மார்பின் இருபுறமும் சமமாக எழுகிறதா, வென்டிலேட்டரில் காற்றழுத்தம் திடீரென ஏறியதா என்பதை வைத்தே இதை அறிய வேண்டும்.

கிரிக்காய்டுக்கும் மேற்குழிக்கும் நடுவில் 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறினால் போதும். கிடைக்கீறல் வடு தெரியாமல் ஆறும் என்பது உண்மை. இருப்பினும் இந்த நோயாளிகளுக்கு நான் நெடுக்குக்கீறலையே விரும்புகிறேன், ஏனெனில் நடுக்கோட்டை விட்டு விலகாமல் போனால் இரு பக்கத்திலும் ஓடும் சிரைகளைத் தொட வேண்டியிருக்காது. தைராய்டின் நடுப்பகுதியை மேலே ஒதுக்குங்கள். ஒதுங்காவிட்டால் கட்டி வெட்டுங்கள். மூச்சுக்குழாயின் வளையங்கள் வெண்மையாகத் தெரிந்த பின் அங்கேயே நின்று, கசியும் ஒவ்வொரு புள்ளியையும் அடக்க வேண்டும். மின்சூட்டால் ரத்தக்கசிவை அடக்கும் டயாதெர்மியின் வேலை இத்துடன் முடிகிறது. அதைக் களத்திலிருந்தே அப்புறப்படுத்துங்கள். அடுத்து வரும் படியில் அங்கே ஆக்சிஜன் நிறைந்திருக்கும். ஒரு பொறியும் தீயாகலாம்.

இப்போது 100 சதவீத ஆக்சிஜன் 3 முதல் 5 நிமிடங்கள் செல்லட்டும். அந்த நேரத்தில் கொக்கி, கத்தி, தையல், குழாய் ஆகியவை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றனவா என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிச் சரிபாருங்கள்.

"ஸ்டாப்" என்று சொல்லுங்கள். வென்டிலேட்டர் நின்று, நெஞ்சு தாழ்ந்து, அழுத்தமானி பூஜ்யத்தை எட்டி, மயக்க மருத்துவர் வாய்வழிக் குழாயில் கிளாம்ப் போட்டுவிட்டு "ஸ்டாப்" என்று திருப்பிச் சொல்லட்டும். அதன் பிறகே இரண்டாவது, மூன்றாவது வளையங்களுக்கு இடையில் திறக்க வேண்டும். முதல் வளையத்தைத் தொட்டால் பிற்காலத்தில் குரல்வளைக்குக் கீழே சுருக்கம் ஏற்படும். நான்காவதுக்குக் கீழே இறங்கினால் மூச்சுக்குழாய்க்குக் குறுக்கே செல்லும் பெரிய தமனி (இன்னாமினேட் தமனி) குழாயின் உரசலுக்கு ஆளாகும். துளையின் இருபுறமும் ஒவ்வொரு தையல் போட்டு நூலை நீளமாக விடுங்கள். பின்னர் குழாய் கழன்றால் துளையைத் தேடிப் பிடிக்க அந்த நூலே உதவும்.

மயக்க மருத்துவர் கஃப்பின் காற்றை இறக்கி, வாய்வழிக் குழாயை மெல்ல மேலே இழுப்பார். அதன் முனை துளையின் மேல் விளிம்பைத் தாண்டிய நொடியில் "போதும்" என்று சொல்லி அங்கேயே நிறுத்திவிடுங்கள். முழுவதும் வெளியே எடுக்கவிடக் கூடாது. புதிய குழாயைச் செலுத்தி, உள்கம்பியை உருவி, கஃப்பை ஊதி, வடிகட்டியுடன் வென்டிலேட்டரை இணைத்து, "ஆன்" என்று சொல்லுங்கள். முதலில் பார்க்க வேண்டியது, வெளிவிடும் மூச்சை அளக்கும் கேப்னோகிராஃபில் கார்பன் டைஆக்சைடு அலை எழுகிறதா என்பதை. ஆக்சிஜன் அளவைக் காட்டும் விரல்மானி அரை நிமிடம்வரை பின்தங்கியே காட்டும்; காற்று சரியாகப் போகத் தொடங்கிய பின்னும் எண் இறங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பதறி, நல்ல குழாயை உருவிவிடக் கூடாது.

குழாய் உள்ளே போக மறுத்து, ஆக்சிஜன் அளவு 85 சதவீதத்தை நெருங்கினால் வீம்பு வேண்டாம். வாய்வழிக் குழாயை மறுபடி துளைக்குக் கீழே தள்ளி, கஃப்பை ஊதி, துளையை ஈரத்துணியால் மூடி, "ஆன்" என்று சொல்லிவிட்டு, எண் ஏறியபின் நிதானமாக மீண்டும் முயலலாம். வாய்வழிக் குழாயை முழுவதும் எடுக்க வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான். திறக்கும்போது கத்தி கஃப்பைக் கிழித்துவிட்டாலும் பதற்றம் வேண்டாம்: அந்த வாய்வழிக் குழாயால் இனிக் காற்றை அடைத்து நிறுத்த முடியாது என்பதால், தயங்காமல் புதிய குழாயைச் செலுத்தி முடிப்பதே வழி.

அலை எழுந்து, அளவும் ஏறிய பின், குழாயின் இறக்கைகளைத் தோலோடு நான்கு இடத்தில் தைத்து, ஒரு விரல் நுழையும் அளவுக்கு நாடாவைக் கட்டுங்கள். பிறகு கிளாம்ப் போட்டபடியே வாய்வழிக் குழாயை உருவி நேராகப் பைக்குள் இடுங்கள்.

பாஸ்குவாலே சியாக்லியா 1985இல் அறிமுகப்படுத்திய, ஊசி வழியே கம்பியைச் செலுத்தித் துளையை விரிக்கும் முறையையும் பல இடங்களில் மயக்க மருத்துவர்கள் செய்தார்கள். நியூயார்க் குழு ஒன்று 98 நோயாளிகளுக்கு இதைச் செய்தபோது, மூச்சுக்குழாய் உள்நோக்கியை வாய்வழிக் குழாய்க்குள் விடாமல் அதன் பக்கவாட்டில் செலுத்தியது. அதனால் பெரும்பாலான நேரம் காற்று தடையின்றிப் போய்க்கொண்டிருந்தது. எந்த முறை சிறந்தது என்ற விவாதத்தில் புதியவர் இறங்க வேண்டியதில்லை. உங்கள் குழுவின் கை எதில் பழகியிருக்கிறதோ அதையே செய்யுங்கள். விரிப்பானும் குழாயும் நுழையும் நேரத்தில் வென்டிலேட்டர் நின்றிருக்க வேண்டும் என்ற விதி இரண்டுக்கும் பொது.

உடையைக் கழற்றுவது

அறுவை முடிந்ததும் உடல் தளர்ந்து, எப்போது வெளியே போவோம் என்றிருக்கும். தொற்று ஒட்டிக்கொள்ளும் நேரமும் அதுவே. ஒருவர் கழற்றும்போது இன்னொருவர் தள்ளி நின்று ஒவ்வொரு படியையும் சொல்லிவர வேண்டும். முகக்கவசம் கடைசியில், அறைக்கு வெளியே.

அடுத்து வரும் நாட்கள்

கஃப்பின் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீரளவுக்குள் இருக்கிறதா என்று ஒவ்வொரு பணிமாற்றத்தின்போதும் மானியால் அளக்க வேண்டும். விரலால் அழுத்திப் பார்த்து மதிப்பிடுவது நம்பத்தக்கதன்று. சளியை மூடிய சக்‌ஷனால் மட்டுமே எடுக்க வேண்டும். கோவிட் நோயாளிகளின் சளி கெட்டியாகி உள்குழாயை அடைத்துவிடுவதை நாங்கள் அடிக்கடி கண்டோம். உள்குழாயை முறையாக எடுத்துச் சுத்தம் செய்வதை ஒரு வேளைகூடத் தவறவிடக் கூடாது. ஸ்டீராய்டு பெறும் சர்க்கரை நோயாளிகளின் காயத்தை அன்றாடம் திறந்து பாருங்கள். விளிம்பு கறுத்தால் உடனே மூத்தவருக்குச் சொல்லுங்கள். முதல் குழாயை 7 முதல் 10 நாட்கள்வரை மாற்ற வேண்டாம்.

அதற்குள் குழாய் தவறி வெளியே வந்துவிட்டால், துளை இன்னும் உறுதிப்பட்டிருக்காது. கண்ணால் காணாமல் குத்துமதிப்பாகக் குழாயைத் திணித்தால் அது மூச்சுக்குழாய்க்கு முன்னுள்ள திசுக்களுக்குள் போய்ச் சேரும். துளையை மூடி, வாய்வழியாகவே ஆக்சிஜன் கொடுத்து, வாய்வழிக் குழாயை மறுபடி செலுத்துவதே பாதுகாப்பானது. அதே அளவுக் குழாய் ஒன்றும், அடுத்த சிறிய அளவில் ஒன்றும், உள்கம்பியும் படுக்கையின் தலைமாட்டிலேயே தொங்க வேண்டும். முதல் நாள் சிறு கசிவு இயல்பு. சில நாட்கள் கழித்துத் திடீரென்று பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் வந்தால், அளவு சிறிதாயினும், அது முன்பு சொன்ன இன்னாமினேட் தமனி உடையப்போவதன் முன்னெச்சரிக்கையாக இருக்கலாம். கஃப்பை நன்றாக ஊதிவிட்டு, அந்தக் கணமே ஆட்களை அழையுங்கள்.

நோயாளி வென்டிலேட்டரிலிருந்து விடுபட்டு, சளியைத் தாமே இருமி வெளியேற்றி, கஃப்பை இறக்கிய நிலையிலும் விழுங்க முடிந்த பின், குழாயை ஒரு நாள் மூடிவைத்துப் பார்த்துவிட்டு எடுக்கலாம். கட்டுப்போட்ட இடத்தை விரலால் அழுத்திக்கொண்டு பேசவும் இருமவும் சொல்லிக்கொடுங்கள். துளை பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானே மூடிக்கொள்ளும். வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் குழாயின் அளவையும், போட்ட தேதியையும், எடுத்த தேதியையும் எழுதுவதோடு, அடுத்த சில மாதங்களில் படியேறும்போது மூச்சு இரைந்தாலோ மூச்சில் சத்தம் கேட்டாலோ, ஆஸ்துமா என்று எண்ணி இன்ஹேலர் வாங்கிப் பயன்படுத்திக்கொண்டிராமல், காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு நேராக வர வேண்டும் என்று தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். நீண்ட நாள் குழாய் இருந்தவர்களுக்கு மூச்சுக்குழாய் சுருங்குவது அவ்வாறுதான் முதலில் தெரியவரும்.